‘டிரம்மிங்’ எங்கே பிறந்தது?

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் ‘டிரம்மிங்’ (1971), கானா நாட்டுத் தாளங்களை அப்படியே எடுத்துப் போட்டது என்கிறார்களே, சரியா?

பதில்: சரியில்லை. கானாவுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் கரு உருவானது ஐந்தாறு ஆண்டுகள் முன்பே, இரண்டு டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவில்.

சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில், நோவா காலத்து வெள்ளத்தைப் பற்றி ஆவேசமாகப் பிரசங்கம் செய்த ஒருவரின் குரலை ரைஷ் பதிவு செய்திருந்தார். 1965இல் அதில் ஒரு துண்டை எடுத்து, நாடாவின் முனைகளை ஒட்டி வளையமாக்கி, ஒரே மாதிரி இரண்டு வளையங்களை இரண்டு இயந்திரங்களில் ஓடவிட்டார். மலிவான இயந்திரங்கள், வேகத்தில் நூலிழை வித்தியாசம். சேர்ந்து கிளம்பிய குரல்கள் மெல்ல விலகின. விலக விலக, யாரும் எழுதாத தாளங்கள் இடையில் கேட்கத் தொடங்கின. அந்த நழுவலையே அவர் இசையாக்கினார். 1967இல் ‘பியானோ ஃபேஸ்’ படைப்பில் அதே வேலையை மனிதக் கைகளுக்குக் கொடுத்தார்: ஒருவர் வேகம் மாறாமல் வாசிக்க, இன்னொருவர் இம்மி இம்மியாக முந்திப் போவார்.

1970 கோடையில்தான் கானா பயணம். அக்ராவில் ஈவே இனத்து முரசு ஆசான் கிடியன் அலோர்வோயேவிடம் பாடம் கேட்டார். மலேரியா வந்ததால் சில வாரங்களிலேயே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஈவே குழுவில் ஒவ்வொருவர் வாசிப்பதும் சின்னத் தாளம்தான். தொடங்கும் இடங்கள் வேறுவேறு என்பதால் எல்லாம் சேரும்போது பெரும் பின்னலாகிவிடும். தான் போகும் வழி சரிதான் என்ற உறுதியைக் கானா தந்ததாக ரைஷே பிறகு சொன்னார்.

அதை நான் நம்புகிறேன். ‘டிரம்மிங்’கின் அடிப்படை 12 எண்ணிக்கை கொண்ட சுழற்சி, அந்தக் கணக்கு ஈவே தாளங்களிலும் உண்டு. ஆனால் ஈவே வாசிப்பவர் தன் இடத்தை விட்டு நழுவமாட்டார். ‘டிரம்மிங்’கின் உயிரே நழுவலில் இருக்கிறது. தொடக்கத்தைக் கேளுங்கள்: போங்கோவில் ஒரே ஒரு அடி, மீதிப் பதினொன்றும் மௌனம். அந்த மௌனங்களில் ஒவ்வொன்றாக அடிகள் வந்து உட்கார்ந்து முழுத் தாளம் உருவாகும். அதன்பின் ஒரு கை விலகத் தொடங்கும். ஈவே மரபுக்குரிய எந்தக் கருவியையும் அவர் இதில் சேர்க்கவில்லை. அமைப்பைக் கற்றுக்கொள், ஓசையை நகல் எடுக்காதே என்ற அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரும் மரியாதையாகவே படுகிறது.

கேள்வி: நடுவில் பெண் குரல்களும் விசிலும் வருவது எதற்கு?

பதில்: மரிம்பாக்கள் ஒன்றோடொன்று பின்னும்போது, உள்ளிருந்து பெண்கள் பாடுவதுபோல ரைஷுக்குக் கேட்டது. காதில் விழுந்ததை நிஜக் குரலுக்கே கொடுத்துவிட்டார். சொற்கள் கிடையாது, மரிம்பாவின் ஓசையை ஒத்த அசைகள் மட்டும். அடுத்து வரும் குளோக்கன்ஸ்பீலின் சுருதி குரலுக்கு எட்டாத உயரம். அங்கே விசில், அதற்கும் மேலே போனால் பிக்கலோ குழல்.