குடியேற்றத் துலாக்கோல்

கடல்கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆயினும், ஒருவனுடைய வயதையும் கல்வியையும் தொழிலறிவையும் எண்ணாக்கி நிறுத்துப் பார்த்து, நிரந்தரமாக வந்து வசிக்கலாமென ஒரு தேசம் உரிமை வழங்குவது அண்மைக்காலத்து வழக்கமேயாம். அவ்வுரிமையைப் 'பி.ஆர்.' என்று சுருங்கச் சொல்வர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வேலைசெய்யும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் இவ்வெண்களைப் பற்றிப் பேசக் கேட்கிறோம். ஆதலின், அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முற்காலத்தில் குடியேறுவோரின் நிறமும் பிறப்புமே நோக்கப்பட்டன. ஆஸ்திரேலியா, 1901-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அயன்மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் செய்து, வேண்டாதாரை விலக்கிற்று; அத்தேர்வு 1958-இலேதான் ஒழிந்தது. கனடா, 1914-இல் கோமகாட்டா மாரு கப்பலிற் சென்ற இந்தியருட் பெரும்பாலோரை வான்கூவர்த் துறையினின்று திருப்பியனுப்பிற்று. அதே கனடா 1967-இல் மதிப்பெண் முறையை முதன்முதல் ஏற்படுத்திற்று. பிறப்பு நீங்கிப் பயிற்சி அளவுகோலாயிற்று, இது நன்மாற்றமேயாம்.

இனி, அதன் கணக்கைக் காண்போம். கனடாவின் கூட்டாட்சித் திறன்தொழிலாளர் திட்டத்தில் மொத்த மதிப்பெண் 100. தகுதிக்கு வேண்டுவது 67. மொழிக்கு 28, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, உறுதிசெய்யப்பட்ட வேலைக்கு 10, அந்நாட்டு வாழ்வுக்கு இணங்கும் வாய்ப்புக்கு 10 எனப் பகுக்கப்படும்.

உதாரணமாக, பொறியியற் பட்டமும் நான்காண்டு அனுபவமும் உடைய இருபத்தொன்பது வயதினன் ஒருவனைக் கொள்வோம். அவனுக்கு மணமாகவில்லை, கனடாவில் உறவினருமில்லை, வேலையும் உறுதியாகவில்லை. பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 13, வயதுக்கு 12, ஆக 46. ஆங்கிலத்தில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கிலும் கனடிய மொழித்தரத்தின் ஏழாம் படியை எய்தின் 16 சேரும்; மொத்தம் 62. எட்டாம் படியாயின் 66, ஒன்று குறைகின்றது. ஒன்பதாம் படியாயின் 70, தகுதி பெறுவான். அவன் கைத்தொழிற்றிறன் மூன்றிடத்தும் ஒன்றே. ஆங்கிலமே வாயிலைத் திறந்தது.

தகுதி பெற்றவுடன் பயணம் உறுதியாயிற்றென்று எண்ணலாகாது. 2015 முதல் தகுதியுடையோர் 1200 மதிப்பெண் கொண்ட வேறொரு கணக்கால் வரிசைப்படுத்தப்படுகின்றனர். முன்னிற்போரே விண்ணப்பிக்க அழைக்கப்படுவர். அக்கணக்கில் இருபது முதல் இருபத்தொன்பது வரையே வயதுக்கு முழுமதிப்பு; முப்பது பிறந்ததும் குறையத் தொடங்கும். ஆகவே, நம் உதாரண இளைஞன் காத்திருக்குந்தோறும் அனுபவம் வளர, வயதின் மதிப்புத் தேயும்.

ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய முறையுண்டு. அங்கே குறைந்த அளவு 65. அங்குச் சமூகமொழித் தேர்வொன்றில் தேறினார்க்கு 5 மதிப்பெண் கூடும். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. ஆங்கிலத்தினின்று தமிழுக்கும், தமிழினின்று ஆங்கிலத்துக்கும் வாய்மொழியாகப் பெயர்த்தலே அத்தேர்வு. தாய்மொழியைப் புறக்கணித்தார்க்கு அஃது எளிதன்று என்பதைத் தமிழ் மாணாக்கராகிய நாம் உவகையோடு குறிக்கின்றோம்.

இதனால் நாம் கற்பது யாது? மதிப்பெண் பட்டியலை அவ்வரசுகளே யாவரும் காண வெளியிட்டுள்ளன. வீட்டுப் பத்திரத்தை அடகுவைத்துத் தரகரிடம் பணங்கொடுக்குமுன், தன் கணக்கைத் தானே கூட்டிப் பார்த்தல் அறிவுடைமை. எந்தத் தரகராலும் வயதைக் குறைத்தல் ஒண்ணாது. மேலும், கனடா செல்வோன் தன் விண்ணப்பத்தில் மனைவியையும் இளம் மக்களையும் சேர்க்கலாம். பெற்றோரைச் சேர்த்தல் இயலாது. அவர்களுடைய முதுமையை எண்ணிப் பார்த்தலும் இக்கணக்கில் அடங்க வேண்டியதன்றோ?

துலாக்கோல் ஒரு நாட்டின் தேவையை அளக்கும், மனிதனை அளக்கமாட்டாது. தேறியவர் செருக்கடைதல் வேண்டா. 66-இல் நின்றவர் மறுநாள் காலையும் அம்பத்தூரில் கடைசல் எந்திரத்தின்முன் அதே திறனோடு நிற்கின்றார். எண் குறைந்தாரேயன்றி அவர் குறைந்தாரல்லர்.