கட்டையில் மோதாத வீச்சு வீண்

டாலஸ் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் சனி, ஞாயிறுகளில் தூண்டிலோடு கிளம்புகிறோம். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த இரை வாங்கறது?" என்றுதான். ஆழமில்லாத நீரில் ஓடும் கிராங்க்பெய்ட் என்ற செயற்கை இரையை வாங்கச் சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: அதைக் கட்டையிலும் கல்லிலும் மோதவிடத் துணிந்தால்தான் பாஸ் மீன் கிடைக்கும்.

நான் அதிகம் போவது லேக் ஃபோர்க் ஏரிக்கு. டாலஸிலிருந்து கிழக்கே காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அணை கட்டி நீரைத் தேக்கியபோது நிறைய மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். பட்ட மரங்களும் அடிக்கட்டைகளும் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. டெக்சாஸ் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் 1992 ஜனவரியில் இங்கேதான் பிடிபட்டது. இந்த மீன் பெரும்பாலும் மறைவில் ஒதுங்கி நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து அடிக்கும். ஆகவே கட்டை இருக்கும் இடம்தான் நமக்கு இலக்கு.

இரையின் அமைப்பு

நான் சொல்வது 'ஸ்கொயர்பில்' வகை. இரையின் மூக்கில் சின்னதாக, சதுரமாக வெட்டிய தகடு இருக்கும். தகடு நீளமாக இருந்தால் இரை ஆழத்துக்குப் போகும். குட்டையாக இருந்தால் 2 முதல் 5 அடிக்குள் ஓடும். இழுக்கும்போது இரை தலைகுனிந்து, வால் தூக்கி வருவதால் தகடுதான் முதலில் கட்டையில் முட்டும். முட்டியதும் உடம்பு பக்கவாட்டில் புரண்டு விலகும். மும்முனை முட்கள் பின்னாலேயே தங்கிவிடுவதால், பார்ப்பவர் பயப்படும் அளவுக்கு இது சிக்குவதில்லை. 1960களின் பிற்பகுதியில் டென்னசி மாநிலத்து ஓக் ரிட்ஜ் ஊரில் ஃபிரெட் யங் என்பவர் பால்சா மரத்தைக் கையால் செதுக்கிச் செய்த 'பிக் ஓ'தான் இந்த வகைக்கு முன்னோடி.

முட்டியதும் நிறுத்துங்கள்

இரை ஓடும்போது கோலின் நுனி ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பை உள்ளங்கையில் உணரப் பழகுங்கள். கட்டையில் பட்டதும் 'டொக்' என்று ஓர் அதிர்வு வரும். அந்தக் கணமே ரீலைச் சுற்றுவதை நிறுத்துங்கள். மிதக்கும் இரை மெல்லப் பின்வாங்கி மேலே எழும். கட்டையைத் தாண்டியதும் மறுபடி சுற்றுங்கள். சீராக வந்த ஒன்று திடீரென்று தடுமாறுவதைப் பார்த்தால் சும்மா நின்ற மீனும் பாயும். எனக்கு விழுந்த அடிகளில் பெரும்பாலானவை அந்தத் தடுமாற்றத்தின்போது விழுந்தவை.

துடிப்பு சட்டென்று நின்றாலோ, நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் கவ்விவிட்டது என்று அர்த்தம். வெடுக்கென்று வெட்டி இழுக்காதீர்கள். சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும். வெட்டி இழுத்தால் வாயோரம் தொட்டிருக்கும் சின்ன முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

கட்டையைத் தாண்டி வீசுங்கள்

இரை கட்டையின் தலையில் விழக்கூடாது. நாலைந்து அடி தாண்டி விழுந்து, ஓட்டம் பிடித்த பிறகு வந்து முட்ட வேண்டும். ஒரே கட்டையை இடப்பக்கம், வலப்பக்கம், நிழல் பக்கம் எனப் பல கோணங்களில் உரசிப் பாருங்கள். அணைக்கரைக் கற்களில் வீசும்போது கரையை ஒட்டி இணையாக வீசினால், முழு வீச்சும் மீன் நிற்கும் ஆழத்திலேயே ஓடும்.

கோலும் நரம்பும்

7 அடி நீளத்தில், நன்றாக வளைந்து கொடுக்கும் கண்ணாடியிழைக் கோல் இதற்கு ஏற்றது. விறைப்பான கோல் மீனின் வாயிலிருந்து இரையைப் பறித்துவிடும். நரம்பு 15 முதல் 17 பவுண்டு ஃபுளோரோகார்பன் போடுகிறேன். நரம்பு தடித்தால் இரை மேலாக ஓடும், மெலிந்தால் இன்னும் ஆழத்துக்குப் போகும். நீரின் ஆழத்துக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளலாம். கட்டையில் உரசி உரசிக் கடைசி இரண்டடி நரம்பு சொரசொரத்துப் போகும். அடிக்கடி விரலால் தடவிப் பார்த்து, அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த இரண்டடியில்தான்.

புது இரையைப் படகோரம் இழுத்துப் பாருங்கள். உங்களை நோக்கி நேராக வர வேண்டும். வலப்பக்கம் ஒதுங்கினால், மூக்கை உங்களைப் பார்த்துப் பிடித்து, நரம்பு கட்டும் கம்பி வளையத்தைக் குறட்டால் மயிரிழை அளவு இடப்பக்கம் வளைத்து மறுபடி சோதியுங்கள்.

காலமும் நிறமும்

பிப்ரவரி, மார்ச்சில் நீரின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது முட்டையிடும் தயாரிப்பில் மீன் கரைப் பக்கம் ஏறும். அப்போது நன்னீர் இறால் போன்ற செந்நிற இரை நன்றாக எடுபடும். அக்டோபர், நவம்பரில் ஷாட் என்ற சிறு மீன்களின் கூட்டம் ஓடைகளின் உள்முனைக்கு நகர, பாஸும் பின்னாலேயே போகும். வெள்ளி வயிற்று இரை அதற்குப் பொருந்தும். நீர் கலங்கியிருந்தால் கறுப்பு முதுகோடு பளிச்சென்ற மஞ்சள்பச்சை.

சிக்கினால்

பலம் போட்டு இழுக்காதீர்கள். முள் இன்னும் ஆழமாகப் பதியும். முதலில் நரம்பைத் தளர்த்துங்கள், பெரும்பாலும் இரை தானே மிதந்து விடுபடும். இல்லாவிட்டால் நரம்பை விரலால் வில்நாண் போல இழுத்துச் சுண்டுங்கள். அப்படியும் வராவிட்டால் கட்டையின் மறுபக்கம் படகைக் கொண்டுபோய் எதிர்த் திசையில் இழுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். தெறித்து வரும் மும்முனை முள் கண்ணைப் பறித்துவிடும்.

டெக்சாஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குள் இருக்கும் பாஸை நீரில் விட்டுவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, வாயோடு வயிற்றையும் தாங்கிப் பிடித்து விடுங்கள். விதிகள் மாறக்கூடும் என்பதால் போகுமுன் ஒருமுறை சரிபாருங்கள்.

கடைக்குப் போனால் ஒரே இரையை ஒரே நிறத்தில் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கட்டையோடு போனாலும் இன்னொன்று பெட்டியில் இருக்கிறது என்ற தைரியம் வந்தால்தான், மீன் இருக்கும் இடத்துக்குக் கை துணிந்து வீசும்.