சொல் எண்ணும் நிரலுக்கு எவ்வழி ஏற்றது?

பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்புக்காகக் கிள்ளானிலிருந்து ரயிலேறி வரும் மாணவர்களிடம், ஓர் உரையில் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணும் சிறு ஃபங்ஷனை எழுதச் சொன்னால், உரையைப் படித்துப் பார்க்குமுன்பே, நண்பன் அப்படித்தான் எழுதினான் என்றும், செயற்கை அறிவுத் துறைக்கு உதவுவதையே படிக்கும்படி தகப்பனார் கட்டளையிட்டார் என்றும் காரணம் கூறி, அநேகர் ரெகுலர் எக்ஸ்பிரஷனையே நாடுகிறார்கள். அவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

வழிகள் யாவரும் அறிந்தவையே. இடைவெளி கண்ட இடத்தில் உரையைத் துண்டித்துத் துண்டுகளை எண்ணலாம். ஒரு வடிவத்தைக் கொடுத்து, அதற்குப் பொருந்துவனவற்றை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் திரட்டலாம். எழுத்தெழுத்தாக நடந்து, சொல்லுக்குள் இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று குறித்துக்கொண்டே போகலாம். முதல் வழியில் கவனிக்க வேண்டியது ஒன்றே: பைத்தானின் ஸ்பிளிட்டுக்கு ஒன்றும் கொடாமல் விட்டால் இரட்டை இடைவெளியும் வரிமுறிவும் தொல்லை தருவதில்லை, ஒற்றை இடைவெளியைக் கொடுத்தாலோ, ஓரெழுத்தும் இல்லாத உரைக்கும் ஒரு சொல் என்று விடை வரும்.

இரண்டாம் வழியின் மீதுள்ள மோகந்தான் என்னை வருத்துகிறது. பின்சாய்கோடு, டபிள்யூ, கூட்டற்குறி என்ற மூன்றே குறிகளில் வேலை முடிந்துவிடுவதால், அது மேதைமையின் லட்சணம் என்ற பிரமை பரவியிருக்கிறது. பைத்தானோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி, உயிர்மெய்யின் கொம்பையும் காலையும் மெய்யின் புள்ளியையும் எழுத்தாக அங்கீகரிப்பதில்லை. யூனிகோடில் அவை எழுத்தைச் சார்ந்து நிற்கும் குறிகள் என்ற தனி வகை. ஆகவே 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என இரண்டாகப் பிளவுண்டு போகிறது. 'கோலாலம்பூர்' ஐந்து சொற்களாக எண்ணப்படுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதே மூன்று குறிகள் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியுமாதலால், தமிழ்ப் பத்தி முழுவதுமே சூனியம். கணினியில் தமிழைத் தட்டெழுத உதவும் முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறனின் நாட்டில், 2001-ல் தமிழ் இணைய மாநாடு கூடிய இந்தக் கோலாலம்பூரில், தமிழை எண்ணத் தெரியாத நிரலை நம் பிள்ளைகள் பெருமையோடு காட்டுவதை எப்படிப் பொறுப்பது? எழுத்து, குறி ஆகிய யூனிகோடு வகைகள் இரண்டையும் வடிவத்தில் சேர்த்தால் இக்குறை நீங்கும் என்பது மெய்யே. ஆனால் அவ்வகைகளை அறிந்தவன் அல்லவா அதைச் செய்ய முடியும்?

என் பற்று மூன்றாம் வழியின் மீதே. கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் வெளியிட்ட சி மொழி நூலின் முதல் அத்தியாயத்தில், வரி, சொல், எழுத்து மூன்றையும் இவ்வழியில் எண்ணும் நிரல் ஒன்று உண்டு. நான் சிந்திக்கப் பழகியது அதனால்தான். தனியே நிற்கும் கோடு சொல்லாகுமா, 'வந்துவிட்டான்' என்று சேர்த்தெழுதுபவனுக்கும் 'வந்து விட்டான்' என்று பிரித்தெழுதுபவனுக்கும் தொகை வேறுபடலாமா என்பவற்றை எழுதுகிறவனே தீர்மானித்தாக வேண்டும். இத்தகைய விசாரணையில் ருசி காணும் பிள்ளைக்கு நிரலெழுதும் துறை தானே வசப்படும்; ருசியில்லாத பிள்ளையை அயல்வீட்டுப் பையனின் சம்பளத்தைக் காட்டி விரட்டுவது அநியாயம். அவனவன் சுபாவத்தை அறியவும் அப்பியாசம் முதிரவும் சிறிது காலம் கொடுங்கள்.

நிரலைத் தொடுமுன், பள்ளிக் கட்டுரையிலிருந்து இரட்டை இடைவெளியும் தனிக்கோடும் உள்ள ஒரு பத்தியை எடுத்துப் பிள்ளையைக் கையால் எண்ணச் சொல்லுங்கள். பிறகு மூன்று வழிகளிலும் எண்ணி, எங்கே தொகை மாறுகிறது, எந்தக் குறியால் மாறுகிறது என்பதை அவனே நோட்டில் எழுதட்டும்.