ஆடிய கால் ஓயாது: மூத்த விளையாட்டாளர்களுக்கு மூட்டு வலி, மன அழுத்தம் பற்றிய வழிகாட்டி

"ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது" என்பார்கள். மலாக்காவில் 60 வயதைக் கடந்த பலருக்கு இது பொருந்தும். புக்கிட் அசகான், மெர்லிமாவ், ஜாசின், டுரியான் துங்கால் என்று பல இடங்களிலும் தோட்டத் திடல்களில் பந்து உதைத்தவர்கள், சடுகுடு ஆடியவர்கள், பள்ளிப் போட்டிகளில் ஓடியவர்கள் இன்று தாமான்களில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, அதற்குப் பிறகும் மாலையில் திடலுக்குப் போன கால்கள் அவை.

இன்று அந்தக் கால்கள் படியேறும்போது வலிக்கின்றன. அதோடு, "முன்பு போல் முடியவில்லையே" என்ற ஏக்கமும் சேர்ந்துகொள்கிறது. வலி மனத்தைச் சோர்வாக்கும். சோர்ந்த மனம் வலியைக் கூட்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர நீங்கள் செய்யக்கூடியவற்றை இந்தக் கையேடு சொல்கிறது.

மூட்டில் என்ன நடக்கிறது?

எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு உள்ளது. அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டை அசைக்கும்போது, மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது சத்தைப் பெறுகிறது. எனவே, அளவான அசைவு மூட்டுக்கு உணவு போன்றது. வலிக்கிறதே என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டால் மூட்டு மேலும் இறுகும், தொடைத் தசை மெலியும். தசை தாங்காத பாரம் முழுவதும் மூட்டின் மேல் விழும்.

வயது ஏற ஏறக் குருத்தெலும்பு மெலிந்து, மூட்டு தடித்து, வலியும் இறுக்கமும் ஏற்படுவதை மூட்டுத் தேய்மானம் என்கிறோம். முழங்காலில் இது அதிகம். "அன்று ஓடியதால்தான் இன்று முட்டி தேய்ந்துவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். உடல்நலத்திற்காக அளவோடு ஓடுவது மட்டுமே முழங்காலைத் தேய்த்துவிடாது. பந்தாட்டத்தில் முட்டி திரும்பி தசைநார் அறுந்தவர்கள், முட்டிக்குள் இருக்கும் சவ்வு கிழிந்தவர்கள், எடை கூடியவர்கள், பல்லாண்டுகள் குந்தியும் பாரம் தூக்கியும் வேலை செய்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். பழைய காயம் எதுவும் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மனம் வலியை எப்படிக் கூட்டுகிறது?

மூட்டிலிருந்து வரும் செய்தியை வலியாக உணர்வது மூளை. மனம் கவலையில் இருக்கும்போது மூளை அந்தச் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. கழுத்து, தோள், இடுப்புத் தசைகள் இறுகுகின்றன. தூக்கம் கெடுகிறது. சரியாகத் தூங்காத மறுநாள் அதே வலி இன்னும் கடுமையாகத் தெரியும். எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் அதிகமாக இருந்தும் சிலர் நன்றாக நடக்கிறார்கள். படத்தில் குறைவாக இருந்தும் சிலர் துடிக்கிறார்கள். இதனால் வலி பொய் என்று ஆகாது. வலி உண்மை. அதைக் குறைக்க மூட்டோடு மனத்தையும் கவனிக்க வேண்டும் என்பதே பொருள்.

விளையாட்டில் பெயர் எடுத்தவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. திடலில் கிடைத்த கைதட்டல், கூட்டாளிகள், மதிப்பு எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது போன்ற உணர்வு வரலாம். தோட்டம் துண்டாடப்பட்டு, பழைய குழுவினர் திசைக்கொருவராகப் பிரிந்த ஊர்களில் இந்த வெறுமை அதிகம். இது ஓர் இழப்பு. இதை வெளிப்படையாகப் பேசுவதில் தவறில்லை.

இருவரின் ஓட்டம்

டான் ஸ்ரீ டாக்டர் மணி ஜெகதீசனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1960 ரோம், 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். 1966-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3 தங்கம் வென்றார். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் படைத்த தேசியச் சாதனை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்தது. 2017-இல் அதை முறியடித்தவர் நம் மலாக்காவின் கைருல் ஹஃபிஸ் ஜந்தான். ஓட்டத்தை நிறுத்திய பிறகு ஜெகதீசன் மருத்துவராகப் பணியாற்றி, சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். விளையாட்டு மருத்துவத்திலும் தொண்டாற்றினார். ஓடுவது நின்றாலும் விளையாட்டோடு உள்ள உறவு வேறு வடிவில் தொடரலாம் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங்கின் கதை வேறு. அவருடைய கடவுச்சீட்டின்படி பிறந்த ஆண்டு 1911. மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலிருந்து மீளவே முதுமையில் ஓடத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டு, 89 வயதில், லண்டனில் தம் முதல் மாரத்தானை முடித்தார். 2011-இல் தோரொந்தோவில் 100 வயதில் ஓடிய மாரத்தானுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணிக்கும் மேல். 2013-இல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடி, போட்டிகளிலிருந்து விடைபெற்றார். அதன் பிறகும் நடப்பதை விடவில்லை. அவர் இளைஞர்களின் வேகத்தோடு போட்டி போடவில்லை. தம் உடல் தாங்கும் வேகத்தில் போனார்.

எல்லாரும் மாரத்தான் ஓட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. 25 வயதில் இருந்த உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடாதீர்கள். சென்ற மாதம் இருந்த உங்களோடு ஒப்பிடுங்கள்.

வலிக்கு ஓர் அளவுகோல்

வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாத வலி என்றால் 10. பயிற்சியின்போது உங்கள் வலி எந்த எண்ணில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

• 0 முதல் 2 வரை: தொடரலாம்.
• 3 முதல் 5 வரை: வேகத்தையும் நேரத்தையும் குறைத்துத் தொடரலாம். மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும்.
• 5-க்கு மேல்: நிறுத்துங்கள். மறுநாளும் வலி கூடியிருந்தால் அல்லது வீக்கம் இருந்தால், அடுத்த முறை பாதி அளவே செய்யுங்கள்.

நல்ல நாளில் ஒரேயடியாக ஆடித் தீர்த்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பதைவிட, தினமும் கொஞ்சம் செய்வதே மேல்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சிகள்

வாரத்தில் 3 நாள், ஒவ்வொன்றையும் 10 முறை செய்யுங்கள். பழகிய பிறகு இரண்டு சுற்று செய்யலாம்.

1. எழுந்து உட்காருதல்: சுவரோடு ஒட்டிய உறுதியான நாற்காலியில் அமருங்கள். மெதுவாக எழுந்து, மெதுவாக அமருங்கள். முடியாவிட்டால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம்.
2. காலை நீட்டுதல்: அமர்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 விநாடி வைத்திருங்கள். பிறகு மறுகால்.
3. குதிகால் தூக்குதல்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி, மெல்ல இறங்குங்கள்.
4. ஒற்றைக் கால் நிற்றல்: மேடையைப் பிடித்துக்கொண்டு 10 விநாடி நில்லுங்கள். இது விழாமல் காக்கும் பயிற்சி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யாதீர்கள். காலையில் இறுக்கமாக இருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். ஆடிய பிறகு வீங்கினால், துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் போதும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் சுடுநீர் ஒத்தடத்தையும் ஐஸையும் காலில் வைக்கக்கூடாது.

ஆட்டத்தை மாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள்

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு. ஒரு நாளைக்கு 30 நிமிடம் என 5 நாள் போதும். அதையும் 10 நிமிடமாக மூன்று தடவை செய்யலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம்.

• பந்தாட்டத்தில் திடீரென்று திரும்புவதும் மோதுவதும் முட்டிக்கு ஆகாது. நடந்தபடியே ஆடும் பந்தாட்டம், சைக்கிள், நீச்சல் ஆகியவை எளியவை.
• பூப்பந்து ஆடுபவர்கள் இரட்டையர் ஆட்டத்திற்கு மாறலாம். ஆடுமுன் 10 நிமிடம் உடலைச் சூடாக்குங்கள்.
• வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். சிலிப்பர் வேண்டாம், பிடிப்புள்ள காலணி அணியுங்கள்.
• மாசி மகத்தன்று செங் சன்னாசிமலைக்கு நடக்க நினைப்பவர்கள், ஒரு மாதத்திற்கு முன்பே தினசரி நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.
• ஆட முடியாதவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம், நடுவராக நிற்கலாம். திடலோடு தொடர்பு அறுந்துபோகக்கூடாது.

மனத்தை இளக்கும் வழிகள்

மூச்சுப் பயிற்சி: வசதியாக அமர்ந்து, 4 எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். 6 எண்ணும் வரை மெல்ல விடுங்கள். காலையும் இரவும் 5 நிமிடம் செய்யுங்கள். இதயத் துடிப்பு அடங்கும், தசைகள் தளரும்.

தூக்கம்: தினமும் ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுங்கள். மாலைக்குப் பிறகு காப்பி, தே தாரேக் வேண்டாம். வலிக்கு மதுவை மருந்தாக்காதீர்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும்.

துணை: பழைய குழுவில் ஒருவருக்காவது வாரம் ஒரு முறை போன் செய்யுங்கள். அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் 'கெலாப் வார்கா எமாஸ்' எனப்படும் மூத்தோர் மன்றம் உண்டு. அங்கே சேர்ந்து பயிற்சி செய்யலாம்.

இரண்டு வாரத்திற்கு மேல் எதிலும் ஆசையின்மை, அடிக்கடி அழுகை, பசியின்மை, "இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் இருந்தால் அதை வயதின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சையால் குணமாகும். கிளினிக்கில் சொல்லுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐ அழையுங்கள்.

மருந்தில் கவனம்

• பராசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் போகவே கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள், மது அருந்துபவர்கள், மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்கு அளவு இன்னும் குறைவு. முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.
• டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம், இரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மிடையே அதிகம் என்பதால் இவற்றைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். வலியை மறைத்து ஆடுவதற்காக ஆட்டத்திற்கு முன் விழுங்குவது மேலும் ஆபத்து.
• "ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும்" என்று விற்கப்படும் சில பொடிகளிலும் ஜாமுவிலும் ஸ்டீராய்டு மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருக்கும். முகம் உப்பும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். 'எம்.ஏ.எல்.' பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு கிளினிக்கிற்கு வாருங்கள்.

எடை

உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. விளையாடிய காலத்துச் சாப்பாட்டை விளையாட்டை நிறுத்திய பிறகும் தொடர்வதால்தான் பலருக்கு எடை கூடுகிறது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு இருக்கட்டும். இனிப்புப் பானங்களைக் குறையுங்கள்.

உடனே மருத்துவரைப் பாருங்கள்

• மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சலும் வந்தால்
• காலை ஊன்ற முடியாவிட்டால், மூட்டு பூட்டிக்கொண்டால்
• காலை இறுக்கம் தினமும் ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால்
• இரவில் வலி எழுப்பினால், காரணமின்றி எடை குறைந்தால்

பயிற்சியின்போது நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு 999-ஐ அழையுங்கள்.

குடும்பத்தாருக்கு

"வயசாச்சு, பேசாமல் உட்காருங்கள்" என்று சொல்லாதீர்கள். அப்பாவோ, அம்மாவோ, தாத்தாவோ நடக்கக் கிளம்பினால் கூடச் செல்லுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். அவர்கள் ஆடிய காலத்தைக் கேளுங்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள்

1. ஒரு தாளில் தினமும் உங்கள் வலி எண், தூங்கிய நேரம், நடந்த நிமிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. 10 நிமிட நடையும் நாற்காலிப் பயிற்சியும் தொடங்குங்கள்.
3. ஒரு பழைய கூட்டாளியை அழைத்துப் பேசுங்கள்.
4. நான்கு வாரம் கழித்தும் மாற்றம் இல்லையென்றால், அந்தத் தாளோடும் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளோடும் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கிற்கு வாருங்கள். மருத்துவர் பரிசோதித்து, தேவையானால் பிசியோதெரப்பி சிகிச்சைக்கு அனுப்புவார்.