காலை விறைப்பைக் கவனியுங்கள்!



பருப்பு மூட்டையில் முதல் வண்டைக் கண்டதுமே பிரித்துக் காயவைப்பவர் சரக்கைக் காப்பாற்றுவார். "பிறகு பார்ப்போம்" என்பவர் மாவைத்தான் அள்ளுவார். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்லும் முடக்குவாதமும் இப்படித்தான்.

தாம்பரத்தில் எங்கள் மொத்தக் கடைக் கல்லாவை என் மனைவிதான் கவனித்து வந்தார். ஒரு மார்கழியில், காலையில் விரல் மடங்கவில்லை என்றார். "பனிக்காலம், சரியாகிவிடும்" என்று சொல்லி மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. பொட்டலத்துக்குச் சணல் கட்ட முடியாமல் போன பிறகே டாக்டரிடம் சென்றோம். அதற்குள் இரண்டு விரல்கள் கோணிவிட்டன. இன்றும் அவை நிமிரவில்லை. தவறு என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குவதுதான் இந்நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பீடி, சிகரெட் ஆபத்தைக் கூட்டும்.

தொடக்க அறிகுறிகள்:

1. காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும்.

2. விரல்களின் அடிக்கணு, நடுக்கணு, மணிக்கட்டு, கால் விரல்களின் அடிப்பகுதி வீங்கும். பெரும்பாலும் இரு பக்கமும் வரும்.

3. கை குலுக்கினாலே வலிக்கும். மோதிரம் கழலாது. டின் மூடி திறப்பதும் ஷட்டர் தூக்குவதும் சிரமமாகும்.

4. காரணமில்லாத களைப்பு, லேசான காய்ச்சல், பசியின்மை இருக்கும்.

மூட்டை தூக்கி, நாளெல்லாம் நின்று தேய்ந்த முழங்கால் வலி வேறு. அது நடந்தால் கூடும், ஓய்வில் குறையும். முடக்குவாதமோ ஓய்வில் இறுகும், நடமாடினால் தளரும். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் இதுபோல் வரலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1967இல் கேப்டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தவர் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட். இதே நோய் கைகளைத் தாக்கியதால் 1983இல் அவர் அறுவை சிகிச்சையிலிருந்தே ஓய்வு பெற்றார். அன்றைவிட இன்று மருந்துகள் மேல். வீக்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்கலாம்.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உள்ளது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ரத்தத்தில் ஆர்.ஏ. பாக்டர் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தால் வாரம் ஒருமுறை மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. பெயர் தெரியாத பொடிகளை நம்ப வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தவையும் விற்கப்படுகின்றன.

தினமும் இரவு கல்லாக் கணக்கு முடிக்கிறோம். காலையில் ஒரு நிமிடம் கைவிரல்களை மடக்கிப் பாருங்கள். வீட்டிலும் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.