அறிவியல் பகுத்தறிதல் தேர்வுகளும் பள்ளிப் பயிற்சியும்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை வரையறைகள்

• அறிவியல் பகுத்தறிதல் – தரவு, சோதனை, சான்று ஆகியவற்றைக் கொண்டு முடிவுக்கு வரும் திறன். பாடப்பொருள் அறிவிலிருந்து வேறானது.
• தரப்படுத்தப்பட்ட தேர்வு – வினா, நேரம், அறிவுரை, மதிப்பெண் வழங்கும் முறை ஆகிய நான்கும் எல்லாத் தேர்வர்க்கும் ஒரே சீரானவை.
• சார்பிலா மாறி – சோதனையாளர் வேண்டுமென்றே மாற்றுவது.
• சார்ந்த மாறி – அம்மாற்றத்தின் விளைவாக அளக்கப்படுவது.
• கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் – சோதனை முழுவதும் மாறாமல் வைக்கப்படுபவை.
• கருதுகோள் – சோதனையால் தவறென்று நிறுவப்பட வாய்ப்புள்ள கூற்று. சோதிக்க வழியற்ற கூற்று கருதுகோள் ஆகாது.
• ஒட்டுறவு – இரு மாறிகள் சேர்ந்து மாறுதல். ஒட்டுறவு இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது.
• அறிவியல் மனப்பான்மை – அரசமைப்புச் சட்டம் பிரிவு 51ஏ(எச்), அடிப்படைக் கடமை, 42-ஆவது திருத்தம், 1976.

பியாஜே முதல் லாசன் வரை

• ழான் பியாஜே (1896–1980) – சுவிட்சர்லாந்து. அறிதல் வளர்ச்சியில் நான்கு நிலைகள்.
• நான்காம் நிலை – முறையான மனச்செயல்பாட்டு நிலை. தொடக்கம் 11–12 வயது. கருதுகோள் அமைத்தல், மாறிகளைப் பிரித்தறிதல் இந்நிலைக்கு உரியவை.
• பார்பெல் இன்ஹெல்டர் – பியாஜேயின் உடன் ஆய்வாளர். இருவரும் எழுதிய தருக்கச் சிந்தனை வளர்ச்சி பற்றிய நூல்: பிரெஞ்சு 1955, ஆங்கிலம் 1958.
• ஊசல் சோதனை – நூலின் நீளம், குண்டின் எடை, விடும் உயரம், தள்ளும் விசை. அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது நீளம் மட்டுமே. நான்கில் மூன்றை விலக்கக் கற்பதே சோதனையின் நோக்கம்.
• ஆன்டன் லாசன் – அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், அமெரிக்கா. வகுப்பறைப் பகுத்தறிதல் தேர்வு: முதல் வடிவம் 1978, திருத்திய வடிவம் 2000.
• திருத்திய வடிவம் – 24 பலவுள் தெரிவு வினாக்கள், 12 இணைகள். இணையில் முதல் வினா விடையைக் கேட்கும். இரண்டாவது அவ்விடைக்கான காரணத்தைக் கேட்கும்.
• அளக்கும் திறன்கள் – பொருண்மை மாறாமை, விகிதச் சிந்தனை, மாறிக் கட்டுப்பாடு, நிகழ்தகவு, ஒட்டுறவு, கருதுகோள்வழி உய்த்தறிதல்.

லாசன் தேர்வின் இரு வினாக்கள்

• உருளை வினா – ஒன்று அகலம், மற்றொன்று குறுகல். அகல உருளையில் 4-ஆம் கோடு வரை உள்ள நீர், குறுகிய உருளையில் ஊற்றினால் 6-ஆம் கோடு. அகல உருளையில் 6-ஆம் கோடு வரை நீர் எனில் குறுகியதில் எந்தக் கோடு?
• சரியான விடை 9. அடிப்படை: 4:6 = 6:9.
• பரவலான தவறான விடை 8. மாணவர் கூறும் காரணம்: முன்பு 2 கூடியது, இப்போதும் 2 கூடும். இதன் பெயர் கூட்டல் சிந்தனை.
• மறுதலை வினா – குறுகியதில் 11 எனில் அகல உருளையில்? சரியான விடை 7⅓. கூட்டல் சிந்தனையில் கிடைப்பது 9.
• 8 என்று எழுதும் மாணவர்க்கு விகிதச் சமன்பாடு தெரியாது என்று கொள்ளக் கூடாது. கணக்குப் பாடத்தில் அதே விகிதத்தைச் சரியாகப் போடுபவரும் இங்கே வழுக்குவதுண்டு. குறை வாய்பாட்டில் அன்று. எங்கே வாய்பாடு பொருந்தும் என்பதைக் காண்பதில்.
• நூல் வினா – மூன்று நூல்கள். 1, 3 சம நீளம், 2 குட்டை. 1, 2 ஆகியவற்றில் 10 அலகு எடை. 3-இல் 5 அலகு எடை. நீளம் அலைவு நேரத்தைப் பாதிக்கிறதா என அறியப் பயன்படுத்த வேண்டியவை: 1, 2 மட்டும். மூன்றையும் தேர்ந்தால் எடையும் சேர்ந்து மாறும்; முடிவு செல்லாது.

பாவோ ஆய்வு, 2009

• லெய் பாவோ, ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகம். வெளியீடு: சயன்ஸ் இதழ்.
• ஒப்பீடு – அமெரிக்க, சீனக் கல்லூரி முதலாமாண்டு மாணவர். சீனப் பள்ளிகளில் பல ஆண்டு தொடர் இயற்பியல் கற்பித்தல். அமெரிக்காவில் அத்தகைய தொடர்ச்சி இல்லை.
• விசைக் கருத்துத் தேர்வு: சீனா சுமார் 86%, அமெரிக்கா சுமார் 49%.
• மின்காந்தவியல் தேர்வு: சீனா சுமார் 66%, அமெரிக்கா சுமார் 27%.
• லாசன் பகுத்தறிதல் தேர்வு: இரு நாடும் ஏறத்தாழ 74–75%. வேறுபாடு இல்லை.
• முடிவு – பாடப்பொருளை மிகுதியாகக் கற்பித்தல் பகுத்தறிதலைத் தானாக வளர்ப்பதில்லை. இத்தலைப்பில் ஒரே ஓர் ஆய்வை மட்டும் நினைவில் கொள்ள நேரம் இருந்தால், அது இதுவே.

பிசா: சர்வதேச மாணவர் மதிப்பீட்டுத் திட்டம்

• நடத்துவது – பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி), தலைமையகம் பாரிஸ்.
• முதல் தேர்வு 2000. தேர்வர் வயது: 15 ஆண்டு 3 மாதம் முதல் 16 ஆண்டு 2 மாதம் வரை. வகுப்பு அடிப்படை அன்று, வயது அடிப்படை.
• இடைவெளி – 3 ஆண்டு. 2021 தேர்வு கொரோனாவால் 2022-க்கு ஒத்திவைப்பு. 2025-க்குப் பின் இடைவெளி 4 ஆண்டு.
• பாடங்கள் – வாசிப்பு, கணிதம், அறிவியல். அறிவியல் முதன்மைப் பாடமான ஆண்டுகள்: 2006, 2015, 2025.
• அறிவியல் அளவுகோல் நிறுவப்பட்டது 2006. சராசரி 500, திட்ட விலக்கம் 100.
• அறிவியல் வல்லுநர் குழுத் தலைவர் – 2006: ராட்ஜர் பைபி, 2015: ஜொனாதன் ஆஸ்போர்ன்.
• 2015 வரையறையின் மூன்று திறன்கள் – நிகழ்வுகளை அறிவியல் முறையில் விளக்குதல். ஆய்வை மதிப்பிடுதல், வடிவமைத்தல். தரவையும் சான்றையும் அறிவியல் முறையில் பொருள்கொள்ளுதல்.
• மூவகை அறிவு – உள்ளடக்க அறிவு, செய்முறை அறிவு, அறிவின் தோற்றம் பற்றிய அறிவு. நம் வினாத்தாள்கள் பெரிதும் சோதிப்பது முதலாவதை மட்டுமே.
• அடிப்படைத் தகுதி – 2-ஆம் நிலை; கீழெல்லை சுமார் 410 புள்ளி. உச்ச நிலை 6. கீழெல்லை சுமார் 708 புள்ளி.
• அறிவியலில் முதலிடம் – 2006: பின்லாந்து (563), 2015: சிங்கப்பூர் (556), 2022: சிங்கப்பூர் (561).
• 2000-இன் புகழ்பெற்ற வினாத் தொகுதி – செம்மல்வைஸ் நாட்குறிப்பு. வியன்னா மருத்துவமனை, பிரசவக் காய்ச்சல்.

பிசா 2006: அமிலமழை வினாத் தொகுதி

• பின்னணி – ஏதென்ஸ் அக்ரோபொலிஸ், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பெண் உருவத் தூண்கள். கல்: சலவைக்கல் (கால்சியம் கார்பனேட்).
• சோதனை – சலவைக்கல் துண்டு, நிறை 2.0 கிராம், இரவு முழுவதும் வினிகரில், மறுநாள் எடுத்து உலர்த்தல். நிறை என்ன ஆகும்? விடை: 2.0 கிராமுக்குக் குறைவு. எளிய வினா; 2-ஆம் நிலை.
• அடுத்த வினா – அதே மாணவர்கள் மற்றொரு துண்டைக் காய்ச்சி வடித்த நீரிலும் இரவு முழுவதும் இட்டனர். ஏன்?
• "வினிகர் சோதனையோடு ஒப்பிட" – பகுதி மதிப்பெண் மட்டுமே.
• "வினைக்கு அமிலம் தேவை என்பதைக் காட்ட" – முழு மதிப்பெண். முழு மதிப்பெண் விடையின் கடினம்: 6-ஆம் நிலை.
• கவனிக்க – இரு விடைக்கும் இடையே உள்ளது ஒரு தொடர்தான். புள்ளி அளவில் இடைவெளி ஏறத்தாழ 200. ஒப்பீடு என்று சொல்லி நிறுத்தாமல், எதை நிறுவ ஒப்பீடு என்று எழுதுவதே முழு மதிப்பெண்ணின் திறவுகோல்.
• இதற்குத் தேவையான வேதியியல் – அமிலம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு தரும் என்பது மட்டும். நம் உயர்நிலைப் பள்ளிப் பாடத்தில் உள்ள செய்தியே.
• அதே தேர்வின் பசுமைக்குடில் விளைவுத் தொகுதி – கார்பன் டைஆக்சைடு உமிழ்வு, சராசரி வெப்பநிலை என இரு வரைபடங்கள். ஒரு வினா: முடிவை ஆதரிக்காத பகுதியை வரைபடத்தில் காட்டுக. ஆதரிக்கும் பகுதியைக் காட்டுவதிலும் இது கடினம்.

தமிழ்நாடும் பிசாவும்

• பங்கேற்பு – பிசா 2009-இன் நீட்டிப்புச் சுற்று. தேர்வு நடந்தது 2010. முடிவு வெளியீடு டிசம்பர் 2011.
• இந்தியாவிலிருந்து இரு மாநிலங்கள் மட்டும் – தமிழ்நாடு, இமாச்சலப் பிரதேசம்.
• அறிவியல் சராசரி – தமிழ்நாடு 348, இமாச்சலம் 325, ஓஇசிடி 501.
• இடம் – 74 பங்கேற்பாளருள் தமிழ்நாடு 72.
• 2-ஆம் நிலையை எட்டியோர் – தமிழ்நாடு சுமார் 16%. இமாச்சலம் சுமார் 11%.
• பின்விளைவு – 2012 முதல் இந்தியா விலகல். கூறிய காரணம்: வினாக்களின் பண்பாட்டுச் சூழல் இந்திய மாணவர்க்கு அந்நியம்.
• மதிப்பீடு – காரணம் ஓரளவே ஏற்கத்தக்கது. ஏதென்ஸ் சிலை அந்நியம். வினிகரும் நீரும் அந்நியம் அல்ல. மாணவர் தடுமாறியது நீண்ட பத்தியை வாசித்துத் தரவைப் பிரித்தெடுப்பதில், காரணத்தைச் சொந்தச் சொல்லில் எழுதுவதில்.

பிற தேர்வுகள் (சுருக்கம்)

• டிம்ஸ் (சர்வதேசக் கணித, அறிவியல் கல்வி ஆய்வு) – 1995 முதல், 4 ஆண்டுக்கு ஒருமுறை. 4, 8-ஆம் வகுப்புகள். 8-ஆம் வகுப்பு அறிவியல்: அறிதல் 35%, பயன்படுத்தல் 35%, பகுத்தறிதல் 30%.
• ஏசிடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) – அமெரிக்கா, 1959. நிறுவியவர் எவரெட் லிண்ட்குவிஸ்ட், அயோவா பல்கலைக்கழகம். அறிவியல் பகுத்தறிதல் பகுதி 1989 முதல். 2025-க்கு முன்பு 40 வினா, 35 நிமிடம். 2025 முதல் விருப்பப் பகுதி.
• ஏசிடி பத்தி வகைகள் – தரவு விளக்கம், ஆய்வுச் சுருக்கம், முரண்படும் கருத்துகள்.
• தேசியத் திறனறித் தேர்வு – தொடக்கம் 1963, அறிவியலுக்கு மட்டும். பிற பாடங்களுக்கு விரிவாக்கம் 1977.
• தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வு (என்எம்எம்எஸ்) – 2008, 8-ஆம் வகுப்பு, அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிகள். மனத்திறன் 90 வினா, படிப்பறிவு 90 வினா. தலா 90 நிமிடம். உதவித்தொகை ஆண்டுக்கு ₹12,000. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை. பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு ₹3,50,000. நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் பேர்.
• பரக் – தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் பரிந்துரைப்படி என்சிஇஆர்டியின் கீழ் அமைந்த மதிப்பீட்டு மையம். தேசிய ஆய்வு: 4 டிசம்பர் 2024, 3, 6, 9-ஆம் வகுப்புகள்.

சோதித்து நிறுவப்பட்ட பயிற்சி முறைகள்

• கற்றல் சுழற்சி – ராபர்ட் கார்ப்ளஸ், பெர்க்லி, 1962. தேடல், கருத்து அறிமுகம், பயன்பாடு.
• ஐந்து படி மாதிரி – ராட்ஜர் பைபி குழு, 1987. ஈடுபடுத்தல், தேடல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல்.
• கிளார், நிகம் ஆய்வு, 2004 – கார்னகி மெலன் பல்கலைக்கழகம். 3, 4-ஆம் வகுப்புச் சிறார். கருவி: சாய்தளமும் பந்தும். மாறிகள்: சாய்வு, மேற்பரப்பு, ஓடும் தூரம், பந்தின் வகை.
• முடிவு – மாறிக் கட்டுப்பாட்டை நேரடியாகக் கற்ற குழுவில் தேர்ச்சி 77%; தாமே கண்டறிய விடப்பட்ட குழுவில் 23%. செயல்பாட்டைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்குவது போதாது என்பதற்கு வலுவான சான்று.
• கேஸ் திட்டம் – அறிவியல் வழி அறிதல் முடுக்கம். மைக்கேல் ஷேயர், பிலிப் அடே, லண்டன், 1980-கள்.
• கேஸ் அமைப்பு – 30 பாடங்கள், 2 ஆண்டு, ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒன்று; 11–14 வயது.
• ஐந்து தூண்கள் – பருப்பொருள் ஆயத்தம், அறிதல் முரண், கூட்டாகக் கட்டமைத்தல், தன் சிந்தனையைத் தானே ஆராய்தல், பிற சூழலுடன் இணைத்தல்.
• விளைவு – ஈராண்டு, மூவாண்டு கழித்து நடந்த பொதுத்தேர்வில் அறிவியலோடு கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றிலும் உயர்வு.

வகுப்பறையில் கடைப்பிடிக்க வேண்டியவை

• வரைபடம் – தலைப்பு, அச்சுகள், அலகு, அளவுத்திட்டம். இவ்வரிசையில் வாசித்த பின்பே வினா.
• சோதனை வினா – எது மாற்றப்பட்டது, எது அளக்கப்பட்டது, எவை மாறாதவை. மூன்றையும் விடைக்கு முன் எழுதுதல்.
• ஒவ்வொரு செய்முறைக்கும் ஒப்பீட்டுச் சோதனை. பாடநூல் செய்முறைகளில் அது விடுபட்டிருந்தால் மாணவரே வடிவமைத்தல்.
• தவறான விடையின் காரணத்தைக் கேட்டல். உருளை வினாவில் 8 என்ற விடையைச் சிவப்பு மையால் அடித்து நகர்ந்தால் கூட்டல் சிந்தனை அப்படியே தங்கும்.
• எழுத்து விடை – "ஏனெனில்" என்ற சொல்லுக்குப் பின் தரவிலிருந்து ஓர் எண் அல்லது ஒரு போக்கு கட்டாயம்.
• பிசா எழுத்து விடை – பொருள் புரிந்தால் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.
• காலம் – கேஸ் திட்டத்துக்கு 2 ஆண்டு தேவைப்பட்டது. தேர்வுக்கு முந்தைய சில வார மாதிரித்தாள் பயிற்சி வினா அமைப்பைப் பழக்கும், பகுத்தறிதலை உருவாக்காது. 6-ஆம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய பயிற்சி.