செரட்டோனின்: மூளைக்குள்ள ஒரு ஃபீட்பேக் லூப்

"செரட்டோனின் ஒரு ஹேப்பி கெமிக்கல், அது குறைஞ்சா டிப்ரஷன்" என்று ரீல்ஸில் கேட்டிருப்பீங்க. விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

தாம்பரத்தில் கிளம்புற பீச் லோக்கலை எடுத்துக்கோங்க. ட்ரெயின் ஒன்றுதான். குரோம்பேட்டையில் இறங்குறவர் எம்ஐடிக்குப் போறார், மாம்பலத்தில் இறங்குறவர் ரங்கநாதன் தெருவுக்குப் போறார். செரட்டோனினும் அப்படித்தான். எந்த ரிசெப்டரில் போய் ஒட்டுது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். மொத்தம் 14 வகை ரிசெப்டர்கள் இருக்கு. 5-எச்டி3 வாந்தியைத் தூண்டும். ஒன்டான்செட்ரான் மாத்திரை அதைத்தான் அடைக்குது. 5-எச்டி1ஏ நியூரானை அடக்கும். பதற்றத்துக்குத் தர்ற பஸ்பிரோன் இதில்தான் வேலை செய்யுது. 5-எச்டி2ஏ பெரும்பாலும் நியூரானைத் தூண்டிவிடும். மும்பை டிஐஎஃப்ஆரில் செரட்டோனினுக்கும் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பைப் பல வருஷமா ஆராயும் விதிதா வைத்யாவுக்கு 2022-இல் இன்ஃபோசிஸ் பரிசு கிடைச்சது.

இப்போ நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பருக்கு வருவோம். மூளைத்தண்டில் இருக்கும் ராஃபே நியூரான்கள்தான் மூளை முழுக்க செரட்டோனினை அனுப்புது. அதே நியூரான்கள் மேலயும் 5-எச்டி1ஏ இருக்கு. அது சென்சார் மாதிரி. அவுட்புட் கூடினா, "போதும், குறை" என்று சிக்னல் தரும். பக்கா நெகட்டிவ் ஃபீட்பேக்!

ஃப்ளூஆக்ஸெடின் மாதிரி மாத்திரைகள், வெளியே வந்த செரட்டோனின் திரும்ப உள்ளே போகாம தடுக்கும். சில மணி நேரத்திலேயே அளவு ஏறும். உடனே சென்சார் ராஃபேயின் வேகத்தைக் குறைச்சிடும். 2 முதல் 4 வாரத்தில் சென்சாரின் உணர்திறன் குறைஞ்ச பிறகுதான் நியூரான்கள் பழைய வேகத்துக்கு வரும். மாத்திரை வேலை செய்ய ஏன் இவ்வளவு நாளாகுது என்பதற்கு முக்கியமான விளக்கம் இதுதான்.

இது தெரியாம, "ஒரு வாரமாச்சு, ஒண்ணும் மாறலை, படபடப்புதான் கூடியிருக்கு" என்று ஹாஸ்டலில் ஒருத்தர் மாத்திரையைத் தூக்கிப் போடலாம். அப்படி நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. 25 வயசுக்குக் கீழே உள்ளவங்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையும் இந்த மாத்திரைகளுக்கு உண்டு. அதாவது, நம்ம வயசுக்கு. அதனால அந்த வாரங்களில் ரூம்மேட்டைத் தனியா விடாதீங்க, தினமும் பேசுங்க. ராத்திரி 2 மணிக்கும் டெலி மானஸ் 14416-க்கு இலவசமா, தமிழிலேயே பேசலாம்.